ஸ்டெப்னிக்கு ஒரு சட்டை!

புதுசாகக் கார் வாங்கினவனுக்கு முதல் வாரம் என்ன வியாதி வரும் தெரியுமா? துடைக்கிற வியாதி. இரண்டாவது வாரம்? கவர் போடுகிற வியாதி! சீட்டுக்குக் கவர், ஸ்டியரிங்குக்குக் கவர்... எனக்கு இது முற்றியபோது மிச்சமிருந்தது ஸ்டெப்னி ஒன்றுதான்.

நம்ம வண்டி செகண்ட்ஹேண்ட் பொலிரோ. பின்கதவில், முதுகில் பிள்ளையைக் கட்டின மாதிரி ஸ்டெப்னி தொங்கும். மதுரையிலிருந்து அப்பாவைத் திருச்சுழி கோயிலுக்கு அழைத்துப் போகிற வழியில், அருப்புக்கோட்டையில் ஒரு சீட் கவர் கடையில் நிறுத்தினேன். அப்பாவுக்கு வயது 74. சர்க்கரை உண்டு. மதியம் ஒரு மணிக்கு வயிற்றுக்கு ஏதாவது போயாக வேண்டும்.

"நடை சாத்துறதுக்குள்ள போகணும்டா" என்றார்.

"அஞ்சு நிமிஷம்ப்பா!"

கடைக்காரர் டயர் பக்கவாட்டில் இருந்த 215/75 ஆர் 15 என்ற எண்ணைப் பார்த்தார். "குறுக்களவு 70 சென்டிமீட்டர் வரும் சார். கவர் பெரிசா இருந்தா காத்துல படபடன்னு அடிக்கும். சின்னதா இருந்தா தையல் விட்டுரும்" என்றவர், டயரை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டார். ரெக்ஸின் உறையை முதலில் மேல்பக்கம் மாட்டி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் இழுத்து இறக்கி, பின்னால் கயிற்றைச் சுருக்கி முடிச்சுப் போட்டார். மழைத்தண்ணீர் தேங்காமலிருக்க அடியில் இரண்டு ஓட்டை வேறு! தலையணை உறை மாதிரி கச்சிதம்.

"ஸ்டெப்னியில காத்து பார்த்தீங்களா சார்?"

"அதெல்லாம் இருக்கும்ண்ணே" என்று காசைக் கொடுத்தேன். ஆணவம் சார், ஆணவம்!

அருப்புக்கோட்டைக்கு மல்லிகை அரும்பால்தான் பெயர் வந்தது என்பார்கள். ஊரைத் தாண்டிவிட்டால் அரும்பு முடிந்து முள் ஆரம்பம். வெடித்துக் கிடக்கும் கரிசல் காடு, நடுவே ஒற்றைப் பனை, மிச்ச இடமெல்லாம் சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம், விசா இல்லாமலே நிரந்தரமாகத் தங்கிவிட்டது. இங்கே பலருக்கு அதை வெட்டிக் கரிமூட்டம் போடுவதுதான் பிழைப்பு. வண்டி ஓட்டுகிறவனுக்கு மட்டும் அது ஜென்ம விரோதி.

திருச்சுழிக்குப் பாதி வழியில் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. இறங்கினால், பின்சக்கரத்தில் விரல் நீள முள்!

சட்டையைக் கழற்றினேன்... ஸ்டெப்னியின் சட்டையை. அழுத்தினால் டயர் அப்பளமாக நசுங்கியது. பக்கவாட்டில் பாளம் பாளமாக வெடிப்பு. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பருக்கு எமன். உறை அதைத் தள்ளிப்போடும். ஆனால், பட்ட வெடிப்பை ஒட்டவைக்காது, காற்றும் அடித்துத் தராது. பக்கத்தில் '1411' என்று பொறித்திருந்தது. அப்படியென்றால் 2011-ம் வருஷத்தின் 14-வது வாரம் பிறந்த டயர்! பத்து வருஷத்துக்கு மேல் போன டயரை மாற்றிவிடச் சொல்கிறார்கள். நான் தாத்தாவுக்குப் புதுச்சட்டை போட்டுக் கூட்டி வந்திருக்கிறேன்.

அப்பா பார்த்தார். "மேலுக்குச் சட்டை போட்டியே, வயித்தைப் பார்த்தியாடா?"

மணி பன்னிரண்டு. அப்பாவை வேப்பமரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, மொபெட்டில் வந்த ஒரு புண்ணியவானை மறித்தேன். பஞ்சரான சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி அருப்புக்கோட்டை. வழியெல்லாம் மனசு வேப்பமரத்தடியிலேயே இருந்தது. மயங்கி விழுந்திருந்தால்?

வேலை முடிந்து திரும்பும்போது மணி ஒன்றரை. மரத்தடியில் ஆடு மேய்க்கிற ஒரு பாட்டி. அப்பா கையில் கம்மங்கூழ், கடித்துக்கொள்ள வெங்காயம்!

"கை நடுங்குதேய்யா... அதான் ஊத்திக் குடுத்தேன். அந்திக்கு வச்சிருந்தது, கெடக்கட்டும்" என்றாள் பாட்டி. காசு நீட்டினேன், வாங்கவில்லை. நசுங்கின தூக்குவாளி. அதற்கு உறை கிடையாது, உள்ளே கூழ் இருந்தது.

'ஸ்டெப்னி' என்பதே ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில், 1904-ல் டேவிஸ் சகோதரர்கள் உபரிச் சக்கரம் தயாரிக்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன் கார்கள் மாற்றுச் சக்கரமில்லாமலே வந்தன. பஞ்சரானால் நடுரோட்டிலேயே ஒட்ட வேண்டியதுதான். நூற்றிருபது வருஷம் கழித்து நான் அதே நிலைமையில்!

சாயங்காலம்தான் பூமிநாதர் தரிசனம். பிரளய வெள்ளத்தைச் சிவன் சூலத்தால் குத்திப் பூமிக்குள் சுழித்துப் போகவிட்டதால் சுழியல் என்று பெயராம். இன்றைய வறட்சியில் அந்த வெள்ளத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கலாம். ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30-ல் பிறந்தது இந்த ஊரில்தான். 'நான் யார்' என்று கேட்கச் சொன்னவர் அவர். எனக்கு அன்றே விடை தெரிந்துவிட்டது.

இப்போது புது டயர். கவரிலும் காற்றடிக்கும் இடத்தில் ஒரு ஜிப் வைத்துத் தைத்தாகிவிட்டது. மாதம் ஒருமுறை பெட்ரோல் பங்க்கில் நாலு சக்கரத்துக்கும் காற்றடித்து முடித்தவுடன், பின்சீட்டிலிருந்து அப்பாவின் குரல் வரும்:

"அஞ்சாவது?"