ஒட்டிய தேதிகள்

பரணில் பாத்திரம் தேடும்போது அந்தத் தினசரி காலண்டர் கையில் சிக்கியது. 2009 செப்டம்பர் 11, வெள்ளிக்கிழமையில் நின்றிருக்கிறது. அந்தத் தாளும் அதற்கடுத்த நான்கைந்து தாள்களும் சோற்றுப் பருக்கையால் ஒட்டியவை. ஒட்டிய இடமெல்லாம் பழுப்பேறிக் கிடக்கிறது.

அந்த ஆடியில்தான் அண்ணன் வண்டியிலிருந்து விழுந்தான். ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியிலேயே மாட்டியிருந்ததாம். 108 வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதில்தான் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கேஸ் ஷீட்டில் நினைவு நிலைக்கு 8 என்று எழுதியிருந்தது. கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15; எந்த அசைவும் இல்லாதவருக்கும் 3 உண்டு. கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இருவர் 1974-இல் வகுத்த கணக்கு என்பதெல்லாம் பிறகு படித்தது. அன்று எங்களுக்கு அது பரீட்சை மார்க். 9 ஆனதும் அப்பா வராந்தாவில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

மண்டை ஓட்டில் ஒரு துண்டை எடுத்து வயிற்றுத் தோலுக்கடியில் வைத்துத் தைத்திருந்தார்கள். மூளை வீக்கம் வடிந்த பிறகு திரும்பப் பொருத்த வேண்டும். அம்மா அந்த மேட்டைப் போர்வைக்கு மேலாகத் தடவிக்கொண்டே இருப்பாள். மூக்குக் குழாய்க்கான கஞ்சியை அப்பாவின் பழைய வேட்டியில் வடிகட்டுவாள்.

நினைவு ஒரே நாளில் திரும்பிவிடவில்லை. முதலில் வந்தது வசவு. அம்மாவையே, காது கூசும் வார்த்தைகளால். குழாயைப் பிடுங்கினான், காஸ் துணியால் கையைக் கட்டினார்கள். கட்டிலில் படுத்தபடியே, "இப்பத்தான் பஸ் ஸ்டாண்டு போயிட்டு வந்தேன்" என்பான். பொய் இல்லை. நடப்பது எதுவும் பதியாத காலம் அது. காலியான இடத்தை மூளையே எதையாவது இட்டு நிரப்பிக்கொள்ளும்.

ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வந்த சொந்தமெல்லாம் ஒரே கேள்வி கேட்டது: "என்னைத் தெரியுதாய்யா?" நானும் கேட்டேன். "அண்ணே, நான் யாருன்னு சொல்லு." வெகுநேரம் பார்த்துவிட்டு, "டீச்சரு" என்றான். வெளியே ஓடி அழுதேன். தோற்றுப்போனது அவனுக்கும் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது. பிசியோதெரபி செய்ய வந்த அக்காதான் சொன்னார்: "கேக்காதீங்கம்மா, சொல்லுங்க."

அம்மா அதற்கு முன்பிருந்தே அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். மளிகைக் கடையில் கேட்டு வாங்கிய காலண்டரை ஜன்னல் கம்பியில் மாட்டி, தினமும் காலையில் ஒரு தாளைக் கிழிப்பாள். "நான் அம்மா வந்திருக்கேன் ராசா. இன்னிக்குச் செவ்வாக்கிழமை. நீ ஆஸ்பத்திரில இருக்க. விழுந்துட்ட, சரியாயிட்டு வர்ற." ஒரு நாளில் இருபது தடவை, குரல் உயராமல்.

இன்றும் அவனுக்குக் கூட்டத்துச் சத்தம் ஆகாது. மீன் குழம்பின் வாசனை அவன் விழுந்த அன்றோடு போனது, திரும்பவேயில்லை.

வீட்டுக்கு அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்பு, என்ன கோபமோ, காலண்டரில் ஒரு கொத்தைக் கிழித்து எறிந்தான். அம்மா ஒன்றும் பேசவில்லை. தாள்களைப் பொறுக்கினாள். அரை மணி கழித்து, அவனுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, தூக்குவாளியில் மிச்சமிருந்த சோற்றை எடுத்து ஒவ்வொரு தேதியாக ஒட்டத் தொடங்கினாள்.

பார்த்துக்கொண்டே இருந்தவன் கேட்டான்: "நான்தான் கிழிச்சேனாம்மா?"

அரை மணிக்கு முந்தையது அவனிடம் தங்கியிருந்தது.

"ஆமாய்யா, நீதான்."

நடுங்கும் வலக்கையால் தட்டிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து நீட்டினான்.