வீடு விலைபோனால் குடியிருப்போர் கதி என்ன?

வீட்டை விற்க உடையவருக்கு உரிமையுண்டு, அதை மறுப்பாரில்லை. ஆனால் வாடகைக்கு இருப்போரின் நிம்மதியையும் சேர்த்து விற்க எவருக்கும் உரிமையில்லை என்பதை நம்மவருட் பலர் இன்னும் அறியாதிருக்கின்றனர்.

நான் ஒரு தோட்டத்துக் கிராணி. பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டுப் பேராக்கிலுள்ள ஒரு பட்டணத்தில் ஈராண்டு ஒப்பந்தத்தில் வீடெடுத்துக் குடும்பத்தை அமர்த்தினேன். பதினான்கு மாதங்கள் மீதமிருக்கையில் வீட்டுக்காரர் அதை விலைகூறலானார். அன்றுமுதல் தரகர் நினைத்த வேளையெல்லாம் அந்நியரை அழைத்து வந்தார். நோயுற்றுப் படுத்திருந்த என் தாயாரின் அறைக்குள்ளும் கேளாமலே நுழைந்தனர். "வீடு அவர்களுடையதுதானே, தம்பி, நாம் என்ன சொல்ல முடியும்?" என்று அவர் கண்கலங்கினார்.

அவ்வினாவுக்கு விடை காணவே சட்டநூல்களைப் புரட்டினேன். ஆங்கிலக் கல்வி துரைமாருக்குக் கணக்கெழுத மட்டும் உரியதன்றே! அறிந்தவற்றை நேயர்கள்முன் வைக்கின்றேன்.

முதலாவது, வாடகைக் காலம் முடியும்வரை வீட்டை அனுபவிக்கும் உரிமை குடியிருப்பவருடையது. ஒப்பந்தம் இடந்தந்தாலன்றி, அவர் இசைவில்லாமல் உள்ளே வர வீட்டுக்காரருக்கும் உரிமையில்லை, தரகருக்கும் இல்லை.

இரண்டாவது, 1950 ஆம் ஆண்டின் குறித்த பரிகாரச் சட்டம், 7 ஆம் பிரிவு. வாடகைக் காலம் முடிந்தபின்னும் குடியிருப்பவரை நீதிமன்றத்தின் வழியாலன்றி வெளியேற்றலாகாது. பூட்டை மாற்றுவதும், சாமான்களைத் தெருவில் எறிவதும் முறையன்று.

மூன்றாவதே முக்கியமானது. தீபகற்ப மலேசியாவில் நடைமுறையிலுள்ள தேசிய நிலச் சட்டம் 1965 இல் இயற்றப்பட்டது. அதன்படி, மூன்றாண்டுக்கு மேற்படாத வாடகைக்குப் பதிவு வேண்டுவதில்லை, வாய்மொழியே போதும். ஆயினும், நிலப் பத்திரத்தில் அவ்வாடகை குறிக்கப்படாவிடின், பின்னர் வாங்குபவரை அது கட்டுப்படுத்தாது. நாம் பெட்டியிற் பூட்டிவைத்த ஒப்பந்தம் பழைய வீட்டுக்காரரை மட்டுமே பிணிக்கும்!

இவற்றை அறிந்து ஒரு கடிதம் வரைந்தேன். வீடு பார்க்க வருவோர் ஒருநாள் முன்னதாக அறிவித்துச் சனிக்கிழமை மாலையில் வரவேண்டும். என் வாடகை பத்திரத்தில் குறிக்கப்படவேண்டும், அன்றேல் மீதிக் காலத்தை மதிப்பதாக வாங்குபவர் எழுத்தில் ஒப்பவேண்டும் என்றேன். வீட்டுக்காரர் முதலில் சீறினார், பின்னர் இணங்கினார். வாங்கியவரும் கையொப்பமிட்டார். பிள்ளைகளின் படிப்புத் தடைப்படவில்லை.

என் கையில் ஒப்பந்தமும் இருந்தது. அதைப் படித்து வாதாடக் கல்வியும் இருந்தது. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விலைபோனபோது நம் தொழிலாளருக்கோ இவ்விரண்டும் இல்லை. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போகவே வீடும் போயிற்று. அத்துயரைக் கண்டே 1960 இல் துன் சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார்.

ஆகவே, அன்பர்களே, வாடகைக்கு வீடெடுக்கும் நாளிலேயே கேளுங்கள்: வீடு பார்க்க வருவோர் எப்போது வரலாம்? விற்றுவிட்டால் மீதிக் காலம் என்னவாகும்? விடையை எழுத்தில் பெறுங்கள். தலைவிதியென்று பின்னர்ப் புலம்புவதினும், முன்னரே ஒரு வரி எழுதிக் கையொப்பம் வாங்குவது மேல்.