பாகல் இலை... மாடியில் வளரும் கசப்பு மருந்து!

புதுச்சேரி கடற்கரைச் சாலையின் வடக்கு முனையைத் தாண்டினால் குருசுக்குப்பம். கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள், அதையொட்டி நெருக்கமான வீடுகள். தோட்டம் போட இடம் ஏது? மாடியும் வாசலும்தான். ஒரு பாகல் கொடிக்கு அதுவே போதும். விதையை ஓர் இரவு ஊறவைத்து, தொட்டியில் ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றி, உப்புக்காற்று நேராக அடிக்காத சுவரோரம் வையுங்கள். கயிறு கட்டிவிட்டால் கொடி ஏறிவிடும்.

நாம் காயைத்தான் தேடுவோம். இலைக்கும் வேலை உண்டு. குடல் புழுவுக்கு இலைச்சாறு, உள்ளங்கால் எரிச்சலுக்கு அரைத்த பற்று என்பது பாட்டிமார் கைவைத்தியம். ஃபிலிப்பைன்ஸில் இலையைப் பாசிப்பயறோடு சமைக்கிறார்கள். 19-ம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கப்பலேறிய ரீயூனியன் தீவில், பாகலுக்குப் பெயர் 'மார்கோஸ்'.

சரி, சர்க்கரை நோய்க்கு? 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, புதுச்சேரியில் வயதுவந்தோரில் 26.3 சதவிகிதம் பேருக்கு நீரிழிவு. கிட்டத்தட்ட நாலில் ஒருவர்! அதனால், 'வெறும் வயிற்றில் பாகல் சாறு குடி' என்ற யோசனைக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால், மாத்திரைக்கு மாற்றாகும் அளவுக்கு அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. மாத்திரையோடு சாறும் சேர்ந்தால் சர்க்கரை அளவு சட்டென இறங்கி மயக்கம் வரலாம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் சாற்றைத் தவிர்ப்பதே நல்லது.

கொழுந்து இலையைக் கழுவி, பாசிப்பருப்போடு கூட்டு வையுங்கள். சாறு குடிக்க நினைத்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்!