அறியாத ஏரிக்கு முன்

கட்டபெட்டிலிருந்து உதகை வழியாக அவலாஞ்சி ஏரிக்குச் சென்று தூண்டிலிட வேண்டுமென்பது நம் பங்கு இளைஞர்களின் நெடுநாள் ஆசை. நாமோ சிறுவயதில் ஊர்க்குளத்தில் கெண்டை பிடித்ததன்றி வேறறியோம். ஆகவே ஒரு மாலை அவர்களோடு அமர்ந்து ஆலோசித்தோம்.

குந்தா மின்திட்டத்திற்காக எழுந்த நீர்த்தேக்கம் அது. மின்னாக்கத்திற்கு நீர் எடுக்கப்படுவதால் மட்டம் ஏறியிறங்கும். வெளிப்படும் கரைச்சேறு காலை வாரிவிடும். ட்ரௌட் மீனோ இம்மண்ணுக்கு உரியதன்று. 1907-இல் அவலாஞ்சியில் அதற்கெனக் குஞ்சுபொரிப்பகம் அமைந்தது. குளிர்ந்த, ஓடும் நீரையே அது நாடுமாதலால், ஓடைகள் ஏரியில் கலக்குமிடத்தில் விடியலில் தேடுவதே முறை.

“சாமி, ஆடியிலேயே போய்விடலாம்” என்றான் ஒருவன். புதுத் தூண்டிலும் வாங்கி வைத்திருந்தான். 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை எடுத்துரைத்தோம். அவன் முகம் வாடியது. ஆயினும் அவன் கைம்பெண் தாய்க்கு ஒரே மகன் என்பதை நாம் மறக்கக்கூடுமோ?

முடிவில், பாஸ்கா கழிந்து சித்திரையில் செல்வதென்றும், வனத்துறை, மீன்வளத்துறை ஆகியவற்றின் இசைவைக் கேட்டுப் பெறுவதென்றும், முதன்முறை தூண்டிலின்றிக் கரையை மட்டும் நடந்து பார்ப்பதென்றும் தீர்மானித்தோம். மீன் காத்திருக்கும், மகனுக்காகத் தாயைக் காத்திருக்க வைத்தலாகாது.