காறல்ஸ்மானின் பரிசை

1880-இல் நோர்வேயில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கோக்ஸ்டாட் கப்பலில் பக்கத்துக்கு 32 என 64 வட்டக் கேடயங்கள் இருந்தன. மஞ்சளும் கறுப்பும் மாறிமாறித் தீட்டப்பட்டவை. இன்று வைக்கிங் போர்களை நடித்துக்காட்டும் ஐரோப்பியக் குழுக்கள் பல, தம் கேடயத்தின் நிறத்துக்கும் இத்தகைய தொல்லியல் சான்று தேடுகின்றன. அதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த நாள்களில்தான் மட்டாஞ்சேரியில் சவிட்டுநாடகம் பார்க்க வாய்த்தது.

போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின் கொச்சிக் கரையோரத்து இலத்தீன் கத்தோலிக்கரிடையே உருவான கலை அது. மேடையில் காறல்ஸ்மான், அதாவது கி.பி. 800-இல் பேரரசராக முடிசூடிய சார்லமேன். வைக்கிங்குகள் கடற்கொள்ளையைத் தொடங்கியது அவர் காலத்தில்தான். எனவே குறிப்பேட்டைத் திறந்து கேடயங்களைக் கவனித்தேன். அட்டையில் வெட்டி, ஜிகினாத்தாள் ஒட்டி, சிலுவை வரைந்திருந்தார்கள். எட்டாம் நூற்றாண்டுக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை. ‘பிழை’ என்று எழுதிக்கொண்டேன்.

பிறகு பாட்டு தொடங்கியது. மலையாளம் கலந்த தமிழ்! பலகை மேடை அதிரக் கால்கள் தாளத்தை மிதித்தன.

நாடகம் முடிந்தபின் முதிய ஆசானைச் சந்தித்தேன். ஈழத்துக் கூத்தில் அண்ணாவியார் என்பதுபோல இங்கும் ஆசானுக்கு அண்ணாவி என்று பெயருண்டு. காறல்ஸ்மான் சரித்திரத்தை இயற்றியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்னும் தமிழர் என்பது மரபு. பெரியவர் தம் ஏட்டைக் காட்டினார்: எழுத்து மலையாளம், சொற்களில் பெரும்பகுதி தமிழ். ஒரு சொல்லில் விரல் வைத்து, “மோளே, இதற்கு என்ன பொருள்?” என்றார். ‘சமர்’. போர் என்றேன். நாற்பது ஆண்டுகளாகப் பொருள் தெரியாமலே பாடிவந்தாராம். குரு பாடியபடி பாடுகிறேன், ஓர் அசையையும் மாற்ற எனக்கு உரிமையில்லை என்றார். கேடயத்தை அவர் ‘பரிச’ என்றே குறிப்பிட்டார். பரிசை என நம் அகராதியிலும் இருக்கும் சொல்தான். நம் பேச்சில்தான் இல்லை.

துல்லியம் இங்கும் இருக்கிறது. நான் தேடிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான். கேடயத்தை அவரவர் கற்பனைக்கு விட்டவர்கள், சொல்லையும் அடவையும் விட்டுக்கொடுக்கவில்லை.

நான் படித்த தமிழிலக்கிய வரலாற்றுப் பாடத்தில் இந்த நாடகத்துக்கு ஒரு வரிகூட இல்லை. பொருள் அறியாதவர்கள் காத்துத் தந்த தமிழைப் பொருள் அறிந்த நாம் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அன்றிரவே குறிப்பேட்டில் ‘பிழை’ என்பதை அடித்தேன். அந்தச் சொல் இருக்கவேண்டிய இடம் வேறு.