4 நொடி ரேஸுக்குக் குடும்பத்தோடு கூட்டம்... பொமோனாவில் அப்படி என்ன இருக்கு?

லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் போனால் பொமோனா. ரோமானியர்களின் பழத் தெய்வத்தின் பெயரை வைத்துக்கொண்ட ஊர். ஒரு காலத்தில் ஆரஞ்சுத் தோட்டங்கள்தான் இங்கே பிழைப்பு. வடக்கே சான் கேப்ரியல் மலை. குளிர்காலத்தில் அதன் உச்சியில் பனி வெள்ளையாகத் தெரியும். 2025 செப்டம்பரிலிருந்து மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது.

ஆனால், இந்த ஊரைத் தேடி வருகிறவர்களில் பலருக்கு மலை, பழம் எதுவும் முக்கியமில்லை. பொருட்காட்சி மைதானத்தை ஒட்டி ஓடும் ஒரு நேர் சாலைதான் முக்கியம். அதுதான் பொமோனாவின் டிராக் ரேஸ் டிராக்.

டிராக் ரேஸில் வளைவே கிடையாது. இரண்டு வண்டி, இரண்டு பாதை, கால் மைல், அதாவது 402 மீட்டர். யார் முதலில் கோட்டைத் தொடுகிறாரோ அவருக்கு வெற்றி. இதில் பெரிய அண்ணன் 'டாப் ஃப்யூயல்' வண்டி. நைட்ரோமீத்தேன் குடிக்கும் இந்த ராட்சசன், 4 நொடிக்குள் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிடும். 2008-ல் ஸ்காட் கலிட்டா என்ற வீரர் விபத்தில் இறந்த பிறகு, இந்த வகை வண்டிகளுக்குத் தூரத்தை சுமார் 305 மீட்டராகக் குறைத்துவிட்டார்கள்.

'வெறும் 4 நொடிக்கா டிக்கெட் எடுத்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவார்கள்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில், ரேஸுக்கு வெளியே இருக்கிறது.

கிரிக்கெட்டில் வீரர்கள் அறைக்குள் ரசிகர் நுழைய முடியாது. பொமோனாவில் நடக்கும் தேசியப் போட்டிகளில், டிக்கெட் எடுத்த எல்லோரும் வண்டியைப் பிரித்து மேய்கிற இடம் வரை போகலாம். ஒரு ஓட்டம் முடிந்ததும் மெக்கானிக்குகள் இன்ஜினைக் கழற்றிப்போட்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் திரும்பப் பூட்டிவிடுவார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அத்தனையும் பார்க்கலாம். இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்க்கும்போது நைட்ரோ நெடியில் கண் எரியும், மூக்கு ஒழுகும். கூட்டம் இரண்டடி பின்வாங்கும், சிரித்துக்கொண்டே மறுபடியும் முன்னால் வரும். காதில் பெரிய மஃப் மாட்டிய வாண்டுகள் அப்பா தோளில் உட்கார்ந்திருக்கும்.

சரி, இது பெரிய போட்டி. பக்கத்து ஊர் ரேஸ்களுக்குப் புது ஆட்கள் எப்படி வருகிறார்கள்? அங்கேதான் 'பிராக்கெட் ரேஸிங்' என்ற விளையாட்டு.

தன் வண்டி எத்தனை நொடியில் ஓடும் என்று ஓட்டுநரே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அந்த எண்ணை வண்டிக் கண்ணாடியில் பெரிதாக எழுதி வைப்பார்கள். பழைய செடான் கார் 16 நொடி, பளபள ஸ்போர்ட்ஸ் கார் 11 நொடி என்று வைத்துக்கொள்வோம். செடானுக்கு 5 நொடி முன்னதாகவே பச்சை விளக்கு எரியும். அவசரப்பட்டுப் பச்சைக்கு முன்னால் கிளம்பினால் சிவப்பு விழும், ஆட்டம் காலி. சொன்ன நேரத்தைவிட வேகமாக ஓடிவிட்டாலும் பெரும்பாலும் தோல்விதான்! வேகம் அல்ல, சொன்ன சொல்தான் ஜெயிக்கும். அதனால்தான் காய்கறி வாங்கப் போகிற காரிலேயே ஒருவர் களமிறங்க முடிகிறது. பார்க்க வந்தவர் அடுத்த மாதம் ஓட்ட வருகிறார். அவரை உற்சாகப்படுத்த வீட்டிலிருந்து நாலு பேர் வருகிறார்கள்.

குழந்தைகளுக்கும் இடம் உண்டு. 5 வயது முதல் 17 வயது வரை ஓட்டக்கூடிய, பாதி அளவிலான குட்டி டிராக்ஸ்டர் வண்டிகளுக்கான லீக் 1992-லேயே தொடங்கிவிட்டது. அவர்களுக்குத் தூரம் 201 மீட்டர். பெண்களும் இங்கே புதிதல்ல. தேசியப் போட்டியில் வென்ற முதல் பெண்ணான ஷர்லி ஷஹான், 1966-ல் ஜெயித்தது இதே பொமோனாவில்தான்.

இந்த டிராக் பிறந்த கதை இன்னும் சுவாரஸ்யம். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய இளைஞர்கள், பழைய கார்களை முறுக்கேற்றித் தெருவிலேயே பந்தயம் விட்டார்கள். 'ஹாட் ராட்' பத்திரிகையின் ஆசிரியர் வாலி பார்க்ஸ், அவர்களை ஒழுங்குக்குள் கொண்டுவர 1951-ல் ஒரு சங்கம் தொடங்கினார். பொமோனா போலீஸோ விரட்டிப் பிடிப்பதோடு நிற்காமல், ஓட்ட ஓர் இடம் கொடுக்கத் துணை நின்றது. 1953-ல் சங்கத்தின் முதல் அதிகாரபூர்வப் போட்டி இங்கே நடந்தது. மறுவருடம், பொமோனா போலீஸைச் சேர்ந்த பட் கூன்ஸ் தலைமையில் ஒரு குழு ஊர் ஊராகப் போய், பாதுகாப்பாக ரேஸ் நடத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தது. வாலி பார்க்ஸ் பெயரிலான மியூசியம் இப்போதும் மைதானத்திலேயே இருக்கிறது.

அந்தப் பழைய பிரச்னை இன்று திரும்பி நிற்பதுதான் கவலை. பொமோனாவுக்கும் லாஸ் ஏஞ்சலீஸுக்கும் நடுவே இர்விண்டேல் என்றொரு ஊர். உலகம் முழுக்க விற்கும் ஸ்ரீராச்சா மிளகாய் சாஸ் தயாராகிற ஊரும் இதுதான். இங்கே 201 மீட்டர் டிராக் ஒன்று இருந்தது. வியாழன் இரவானால் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க இளைஞர்கள் வருவார்கள். 2024 டிசம்பரில் அதை மூடிவிட்டார்கள். இன்னொரு பக்கம், லாஸ் ஏஞ்சலீஸ் தெருச் சந்திப்புகளை நள்ளிரவில் மறித்து வண்டிகளைச் சுழற்றும் கும்பல்களும், வேடிக்கை பார்க்கப் போய் அடிபடுகிறவர்களும் செய்தியாகிக்கொண்டே இருக்கிறார்கள்.

பொமோனாவில் தேசியப் போட்டிகள் வருடத்துக்கு இரண்டுதான். வசந்தத்தில் ஒன்று, நவம்பரில் ஒன்று. வடக்கே பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கத்தில் ஃபமோசோ டிராக் இருக்கிறது. 1959-லிருந்து 'மார்ச் மீட்' போட்டிக்குப் பெயர் போன இடம். ஆனால், இர்விண்டேலிலிருந்து அங்கே போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வியாழக்கிழமை வேலை முடிந்து, பழைய ஹோண்டாவோடு கிளம்புகிற 19 வயதுப் பையன் அத்தனை தூரம் போவானா, இல்லை வீட்டுக்குப் பக்கத்துத் தெருவே போதும் என்று நினைப்பானா?