பிறர் இல்லமும் ஓர் அமானிதமே

அல்லாஹ்வின் அருளால், சென்ற கோடை விடுமுறையில் வியன்னாவில் மூன்று வாரங்கள் தங்கினோம். தோல் வணிகத்தின் வழியே என் மைத்துனருக்கு அறிமுகமான ஆஸ்திரியத் தம்பதியர் எங்கள் ஆம்பூர் இல்லத்திற்கு வந்தனர். நாங்கள் அவர்களது இல்லத்திற்குச் சென்றோம். வாடகை இல்லை, சாவிகள் மட்டுமே கைமாறின.

"முகமறியாதவர்களிடம் வீட்டை ஒப்படைப்பதா?" என்று என் துணைவியார் தயங்கினார். எங்கள் இல்லத்தினுள் மதுவும் பன்றி இறைச்சியும் வரலாகாது என முன்னரே எழுதினோம். அவர்கள் அதை ஏற்றதோடு, எங்களுக்கெனப் புதிய சமையல் பாத்திரங்களும் வாங்கி வைத்திருந்தனர்.

வியன்னா நமக்கு முற்றிலும் அந்நியமன்று. 1908-இல் போஸ்னியாவை இணைத்துக்கொண்ட ஆஸ்திரியப் பேரரசு, 1912-இல் ஹனஃபி மத்ஹபினருக்குச் சட்ட அங்கீகாரம் அளித்தது. ஆம்பூரில் நம்மில் பெரும்பாலோரின் மத்ஹபும் அதுவே. 1979-இல் திறக்கப்பட்ட அந்நகரப் பள்ளிவாசலில் மஃரிப் தொழுதோம். மே இறுதியில் அங்குச் சூரியன் மறைய இரவு எட்டரை மணி கடந்துவிடுகிறது.

பிறர் இல்லத்தில் அனுமதியின்றி நுழையலாகாது என்பது சூரா அந்நூர் கற்பிக்கும் ஒழுக்கம். அனுமதி பெற்று நுழைந்த பின்னும், மூடிய அலமாரி மூடியே இருக்கட்டும் என்று பிள்ளைகளிடம் சொன்னோம். அவ்வீட்டாரின் பூச்செடிகளுக்கு அவர்கள் நாள்தோறும் நீர் வார்த்தனர்.

ஊர் திரும்பியபோது, எங்கள் தொழுகை விரிப்புகள் மடித்து வைத்தபடியே இருந்தன. ஈமான் கொள்ளாதவர்கள் அமானிதத்தை இவ்வளவு பேணுவார்களெனில், மறுமையில் அதுபற்றி விசாரிக்கப்படுவோம் என்று நம்பும் நாம் எவ்வளவு பேண வேண்டும்! அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் அளிப்பானாக. ஆமீன்.